வெடிக்கும் வண்ணம், வெடிக்காத கஞ்சி

ஆரணிப் பட்டுப் புடவையின் கரையில் மயிலும் மாங்காயும் வர வேண்டுமானால், குறுக்கே ஒவ்வொரு ஊடை ஓடும்போதும் நெடுக்கே உள்ள எந்தெந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறி அந்த வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. துளை இருக்கும் இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். ஒரு டிசைனுக்கு மவுசு குறைந்ததும் அதன் அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

தடித்த, விறைப்பான அந்த அட்டைதான் இந்த அத்தியாயத்தின் சோதனைக் களம். தாளிலும் அட்டையிலும் பெட்டி, புத்தக உறை, படச்சட்டம், வாழ்த்து மடல் செய்பவர்களிடம் ஒரு வேலைப்பாடு உண்டு. மேல்பூச்சு பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பின் வழியே அடியில் பூசிய வேறொரு நிறம் எட்டிப் பார்க்கும். கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் இதை 'கிராக்கிள்' என்பார்கள். புதிதாகச் செய்த பெட்டிக்கு இது நூறாண்டுப் பழமையின் தோற்றத்தைத் தந்துவிடும்.

நெசவிலும் ஒரு பூச்சு வேலை இருக்கிறது. தறி ஏறும் முன் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் விரித்துக் காய வைப்பார்கள். நெல்லுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணியில் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. கஞ்சி இழையின் மேல் படலமாகக் காய்கிறது. அது வெடித்து உதிர்ந்தால் இழை மயிர் விட்டு, தறியின் சீப்பு போன்ற அச்சில் உரசி அறுந்து போகும். தாள் வேலை செய்பவர் பூச்சை வெடிக்க வைக்கிறார். பாவுக்குக் கஞ்சி போடுபவர் பூச்சை வெடிக்காமல் காக்கிறார். இரண்டையும் நடத்துவது ஒரே இயற்பியல். அதைப் புரிந்துகொண்டவருக்கு வெடிப்பு கேட்ட இடத்தில், கேட்ட அளவில் வரும்.

சுருங்க வழியில்லாத படலம்

நீரில் கரைத்த எந்த வண்ணமும் உண்மையில் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் கூட்டம். பூசிய பிறகு நீர் ஆவியாகும். துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடும். அதற்குப் பிறகும் நீர் வெளியேறும்போது, துகள்களுக்கு இடையேயுள்ள இடுக்குகளில் நீரின் மேற்பரப்பு உள்நோக்கிக் குழிகிறது. குழிந்த நீர்ப்பரப்பு சுற்றியுள்ள துகள்களை உள்ளே இழுக்கும். இடுக்கு எவ்வளவு குறுகலோ, இழுப்பு அவ்வளவு பலம்.

அது எவ்வளவு பலம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். அதை இரண்டால் பெருக்கி இடுக்கின் ஆரத்தால் வகுத்தால் இழுக்கும் அழுத்தம் கிடைக்கும். ஆரம் 0.1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், விடை 14 லட்சம் பாஸ்கலுக்கு மேல் வருகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் இது 14 மடங்கு. கண்ணுக்கு அமைதியாகக் காய்ந்துகொண்டிருக்கும் பூச்சுக்குள் இவ்வளவு விசை வேலை செய்கிறது.

இந்த இழுப்பால் பூச்சு எல்லாத் திசையிலும் சுருங்கப் பார்க்கும். தடிமன் குறையத் தடை எதுவும் இல்லை. நீள அகலத்தில் சுருங்கத்தான் வழியில்லை. அடியில் ஒட்டியிருக்கும் அட்டை விடாது. படலம் நாலா பக்கமும் இழுத்துக் கட்டப்பட்ட நிலைக்கு வந்து சேர்கிறது. அதிலிருந்து விடுபட அதற்கு மூன்றே வழிகள். துகள்கள் மென்மையாக இருந்தால் நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து, இழுவையைத் தாங்களே உள்வாங்கிக்கொள்ளலாம். அதாவது படலம் இளகிக்கொடுக்கலாம். அடியிலுள்ள தாள் மெல்லியதாக இருந்தால் அதைத் தன்னோடு சேர்த்துச் சுருட்டலாம். இரண்டுக்கும் இடமில்லை என்றால் வெடிக்கலாம்.

கிராக்கிள் வேலையின் சாரம் இதுதான்: முதல் இரண்டு வழிகளை அடைத்தால் மூன்றாவது தானே திறக்கும். சாதாரண அக்ரிலிக் வண்ணத்தை மட்டும் பூசினால் ஏன் வெடிப்பதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதன் பிசின் துகள்கள் நம் ஊர்ச் சூட்டில் மென்மையானவை. அவை நசுங்கி ஒரே படலமாகிவிடுகின்றன. சுண்ணாம்புத்தூள், களிமண் போன்றவற்றின் துகள்கள் கடினமானவை. பசை குறைவாகக் கலந்து அவற்றைக் கனமாகப் பூசினால் வெடிப்பைத் தடுப்பதுதான் கடினம்.

மெல்லிசு ஏன் வெடிப்பதில்லை?

ஒரே கலவையை மெல்லிசாகப் பூசினால் வெடிக்காது, கனமாகப் பூசினால் வெடிக்கும். தஞ்சாவூர் ஓவியப் பலகையைத் தயார் செய்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்த பூச்சை ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாகப் பல தடவை பூசுவார்கள்.

இதற்கான விளக்கத்தின் வேர் 1921-இல் இருக்கிறது. விமானப் பொருள்களின் வலிமையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித், கண்ணாடி ஏன் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த விசையிலேயே உடைகிறது என்று கேட்டார். அவர் கண்ட விடை ஒரு வரவு செலவுக் கணக்கு. விரிசல் முன்னேற வேண்டுமானால் புதிதாக இரண்டு பரப்புகள் உருவாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். விரிசல் முன்னேறும்போது இழுவையில் சேர்ந்திருந்த ஆற்றல் விடுபடும், அது வரவு. வரவு செலவை மிஞ்சும்போதுதான் விரிசல் ஓடும்.

இந்தக் கணக்கைப் பூச்சுக்குப் போடுவோம். பூச்சின் தடிமன் இரு மடங்கானால் விரிசலின் ஆழமும் இரு மடங்காகும். ஆகவே செலவு இரண்டு மடங்கு. வரவு அப்படி இல்லை. விரிசலின் இரு புறமும் இழுவை தளரும் பட்டையின் அகலமும் தடிமனுக்கு ஏற்பவே வளர்கிறது. பட்டையும் அகலமாகி ஆழமும் கூடுவதால் வரவு நான்கு மடங்காகிவிடும். எனவே ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வரம்புத் தடிமன் உண்டு. அதற்குக் கீழே செலவு மிஞ்சும், பூச்சு முழுதாக நிற்கும். அதற்கு மேலே வரவு மிஞ்சும், பூச்சு பிளக்கும். பளிச்சென்ற வெடிப்பு வேண்டுபவர் அந்த வரம்பைத் துணிந்து தாண்ட வேண்டும்.

நழுவ விடும் பசை

தாள் வேலையில் வழக்கமாகப் பின்பற்றும் முறை இது. அட்டையில் முதலில் அடிநிறத்தைப் பூசி நன்றாகக் காய விட வேண்டும். அரக்குச் சிவப்பு, மயில் கழுத்து நீலம் போன்ற ஆழ்ந்த நிறம் என்றால் வெடிப்பு எடுப்பாகத் தெரியும். அதன் மேல் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூச வேண்டும். பசை வெண்மை மங்கி, விரலால் தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வரும்போது, மாறுபட்ட நிற அக்ரிலிக் வண்ணத்தை ஒரே இழுப்பில் மேலே பூச வேண்டும். பூசிய இடத்தில் மறுபடி தூரிகையை வைக்கக் கூடாது. வைத்தால் வண்ணம் ஈரப்பசையோடு குழம்பிவிடும். பிறகு வெயிலிலோ, தலைமுடி உலர்த்தியின் வெப்பக் காற்றிலோ காட்டினால் சற்று நேரத்தில் வெடிப்பு திறக்கத் தொடங்கும்.

தனியாகப் பூசினால் வெடிக்காத அக்ரிலிக் இங்கே மட்டும் ஏன் வெடிக்கிறது? மேலே உள்ள வண்ணம் காற்றுப் பட்டுச் சீக்கிரம் தோலாகிவிடுகிறது. அடியில் பசை இன்னும் ஈரமாக, நழுவும் நிலையில் இருக்கிறது. பசை காயக் காயச் சுருங்கி, இன்னும் பலப்படாத அந்தத் தோலைத் தன்னோடு இழுக்கிறது. தோல் கிழிகிறது. கிழிந்த துண்டுகள் வழுக்கலான பசையின் மேல் விலகிச் செல்வதால் இடைவெளி மயிரிழையாக நின்றுவிடாமல் அகலத் திறக்கிறது. பசை முழுதாகக் காய்ந்த பிறகு மேல்நிறம் பூசினால் இந்த நழுவல் கிடைக்காது. வெடிப்பும் சரியாக வராது. பதம் பார்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

அடித்தளம் நழுவினால் பாளங்கள் பெரிதாகும் என்பதை அலெக்ஸ் கிராய்ஸ்மன், எஃபிம் கப்லன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் காப்பித்தூள். நீரில் குழைத்த காப்பித்தூளைத் தட்டில் பரப்பிக் காய வைத்தார்கள். அடுக்கு தடிமனாக ஆக, அதே விகிதத்தில் பாளங்களின் அகலமும் கூடியது. அடித்தட்டின் பிடிப்பைக் குறைத்தபோது பாளங்கள் இன்னும் பெரிதாயின. பிடிப்பு குறைந்தால் ஒவ்வொரு விரிசலும் தன் இரு புறமும் அதிகத் தூரத்துக்கு இழுவையைத் தளர்த்திவிடும். அடுத்த விரிசலுக்குப் பக்கத்தில் வேலை இருக்காது. பசையைக் கனமாகப் பூசினால் பெரிய பாளம், மெல்லிசாகப் பூசினால் நெருக்கமான வலை என்ற கைவினைக்காரர்களின் அனுபவ விதி இந்த இயற்பியலோடு பொருந்துகிறது.

குழைவுக்கு நினைவு உண்டு

தூரிகையை நீளவாக்கில் இழுத்துப் பூசினால் வெடிப்புகள் பெரும்பாலும் நீளவாக்கிலேயே ஓடும். பஞ்சால் ஒற்றிப் பூசினால் எல்லாத் திசையிலும் சிலந்தி வலையாகப் பரவும். தூரிகை மயிர்கள் விட்டுச்சென்ற வரிப்பள்ளங்களில் தோல் மெலிந்திருக்கும். நழுவும் பசையின் மேல் முழுத் தோலும் ஒரே துணியாக இழுபடுவதால், மெலிந்த வரியிலேயே முதலில் கிழிகிறது.

பள்ளமே இல்லாமலும் திசை பதியும் என்பதை ஜப்பானின் அகியோ நகஹராவும் யோசுகே மட்சுவோவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கால்சியம் கார்பனேட் தூளை நீரில் குழைத்துத் தட்டில் ஊற்றி, காய வைக்கும் முன் கொஞ்ச நேரம் ஒரே திசையில் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பிறகு அசைக்காமல் காய விட்டார்கள். மேற்பரப்பு பார்க்க ஒரே சமமாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்து வெடித்தபோது விரிசல்கள் ஆட்டிய திசைக்குச் செங்குத்தாக, வரிசை வரிசையாக வந்தன. ஆட்டலின்போது துகள்கள் கொண்ட அடுக்கமைப்பு குழைவுக்குள் அப்படியே தங்கி, பிறகு விரிசலாக வெளிப்பட்டது. அதை அவர்கள் குழைவின் நினைவு என்றார்கள்.

இந்தத் துறையில் இந்தியர்களின் பங்கும் பெரியது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுஜாதா தரஃப்தார் குழுவினர், காயும் களிமண்ணுக்குக் குறுக்கே மின்புலம் செலுத்தினால் விரிசலின் அமைப்பு மாறுவதை ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளிவந்த, உலர்வு வெடிப்புகள் பற்றிய முழு நூலை எழுதிய ஐவரில் அவரும் தபதி தத்தாவும் இருவர். நகஹராவும் அதில் ஒருவர். சேற்று வெடிப்பு என்று நாம் தாண்டிச் செல்லும் விஷயம் உலக அளவில் கூடி ஆராயப்படும் அறிவியலாக வளர்ந்திருக்கிறது.

துளையோரம் உற்றுப் பார்த்தால்

இனி ஜக்கார்டு அட்டைக்கு வருவோம். மேலே சொன்ன முறையில் பூசி, துளைகளில் அடைத்த வண்ணத்தைக் குச்சியால் நீக்கிக் காய வைத்த அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வையுங்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, துளையின் விளிம்பைத் தொடும் வெடிப்பு அதைச் சாய்வாக வெட்டாமல் ஏறக்குறையச் செங்குத்தாகத் தொடும். விளிம்புக்கு அப்பால் இழுக்க ஆளில்லை. ஆகவே அங்கே மிஞ்சியிருப்பது விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் இழுவை மட்டுமே. விரிசல் எப்போதும் இழுவைக்குச் செங்குத்தாகப் பிளக்கும். ஒரே திசையில் இழுக்கப்பட்ட தகட்டில் வட்டத் துளையின் ஓரத்து இழுவை மற்ற இடத்தைப் போல மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டார். நாலா பக்கமும் சமமாக இழுத்தால் அது இரண்டு மடங்கு. நழுவும் பசை மேலிருக்கும் தோலுக்கு ஒவ்வொரு துளையும் வெடிப்பை அழைக்கும் இடம்தான்.

இன்னொன்று, வெடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள். பெரும்பாலானவை செங்கோணச் சந்திப்புகளாக இருக்கும். முதல் விரிசல் தனக்குக் குறுக்கான இழுவையைத் தளர்த்திவிடுகிறது. தன் நீளவாக்கிலான இழுவையை அது தொடுவதில்லை. எனவே பின்னால் வரும் விரிசல் முதல் விரிசலை நோக்கித் திரும்பிச் செங்குத்தாக வந்து நிற்கிறது. சந்திப்பைப் பார்த்தே எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம்: தடைபடாமல் நேராக ஓடுவது மூத்தது, அதில் வந்து முட்டி நிற்பது இளையது.

கோடையில் ஆரணியைச் சுற்றியுள்ள ஏரிகள் வற்றும்போது இதே பாடத்தைத் தரையில் படிக்கலாம். புதிதாகப் படிந்த வண்டல் முதல் தடவை காயும்போது செங்கோணங்கள் மிகுதி. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் மண்ணில் சந்திப்புகள் மெல்ல மெல்ல மாறி, மூன்று விரிசல்கள் 120 பாகைக் கோணத்தில் கூடும் அறுகோண அமைப்பை நெருங்குவதை லூகாஸ் கோரிங் குழுவினர் 2010-இல் சோதனை மூலம் காட்டினார்கள். கர்நாடகத்தின் உடுப்பிக்கு எதிரேயுள்ள செயின்ட் மேரீஸ் தீவில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகள், எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது இதே விதிகளின்படி பிளந்தவை.

கஞ்சியின் பக்கம்

வெடிக்க வைக்கும் விதிகளை அப்படியே தலைகீழாக்கினால் பாவுக்குக் கஞ்சி போடும் வேலை புரியும்.

பட்டு இழைக்கு முதல் பூச்சைப் போட்டுத் தருவது பட்டுப்புழுவே. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்ற புரதப் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை நீக்கிய பிறகுதான் பட்டுக்கு மினுமினுப்பும் சாயப் பிடிப்பும் வருகின்றன. ஆனால் பசை போன இழை மென்மையாகி, பிரிபிரியாக நிற்கும். தறியின் உரசலைத் தாங்காது. அந்த இடத்தை அரிசிக் கஞ்சி நிரப்புகிறது.

முதல் பாதுகாப்பு தடிமன். கஞ்சி நீர்க்க இருப்பதாலும், இழையெங்கும் ஒரே சீராகப் படர்வதாலும் படலம் வரம்புத் தடிமனுக்குக் கீழேயே நிற்கிறது. கட்டி தட்டிய கஞ்சி ஒட்டிய இடத்தில்தான் செதில் பெயரும். இரண்டாவது பாதுகாப்பு இளக்கம். நம் கைத்தறி ஊர்களில் கஞ்சியோடு கொஞ்சம் எண்ணெய் சேர்க்கும் வழக்கம் உண்டு. எண்ணெய் படலத்தை வளைந்துகொடுக்க வைத்து, இழை, தன்னைத் தூக்கும் விழுதிலும் அச்சிலும் வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. மூன்றாவது காற்றின் ஈரம். மாவுப்பொருள் படலம் தன்னுள் நீர் மூலக்கூறுகளை வைத்திருக்கும்வரை மடங்கும். எலும்பாகக் காய்ந்தால் நொறுங்கும். தரையைத் தோண்டி அமைக்கும் குழித்தறி, மண்ணின் ஈரப்பதத்தை இழைக்கு அருகே வைத்திருப்பது இந்த வகையில் பெரிய உதவி.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கனமாகப் பூசு, இளக்கத்தைக் குறை, வேகமாகக் காய வை: கிராக்கிள் செய்யும் முறை கையில் கிடைத்துவிடும். நெசவாளர் எதிர்த்து நிற்கும் ஒவ்வொன்றையும் தாள் கலைஞர் வரவேற்கிறார். ஒரு துறையின் அனுபவ அறிவு மறு துறைக்கு இப்படி நேரடியாகப் பயன்படும்.

அடித்தளம் எழுதும் கையெழுத்து

பூச்சு எப்படி வெடிக்கும் என்பதில் பாதி முடிவு அடியில் இருக்கும் பொருளுடையது. ஓவியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்பைக் பக்லோ 1990-களில் பழைய ஐரோப்பிய ஓவியங்களின் வெடிப்புகளை வகைப்படுத்தினார். இத்தாலியப் பலகை ஓவியம், ஃபிளெமிஷ் பலகை ஓவியம், டச்சுத் துணி ஓவியம், பிரெஞ்சுத் துணி ஓவியம் ஆகிய நான்கையும் வெடிப்பின் அமைப்பைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தறிய முடிந்தது. மரமும் துணியும் அடிப்பூச்சும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. வெடிப்பும் அதற்கேற்ப வேறுபட்டது. சீனத்தின் சோங் காலக் குயவர்கள் களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்கும் மெருகுப்பூச்சைப் பூசி, கலத்தின் மேல் திட்டமிட்டு வெடிப்பு வலையை வர வைத்தார்கள். கே கலங்கள் என்று உலக அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருப்பவை அவை.

தாளுக்கும் இது பொருந்தும். ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில் படுத்திருக்கும். நார் நனைந்தால் நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே உப்பும். எனவே ஆலைத் தாள் ஒரு திசையில் அதிகமாக நீண்டு, ஒரு பக்கமாகச் சுருளும். கையால் சல்லடையில் அள்ளிய தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் சுருக்கம் சமமாக இருக்கும். வெடிப்பு வலையும் ஒருபக்கமாகச் சாயாது. 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியே, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா கைத்தாள் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் நடந்து வருகிறது. பருத்திக் கழிவிலிருந்து செய்யும் இத்தகைய தாள் கிராக்கிளுக்கு மிகவும் ஏற்றது.

ஒரு முன்னேற்பாடு மட்டும் தேவை. பசை ஏற்றாத கைத்தாள் ஈரத்தை உறிஞ்சிக் குடித்துவிடும். ஃபெவிகால் உள்ளே இறங்கிப்போனால் நழுவும் அடுக்கே இருக்காது. மெல்லிய தாள் என்றால் சுருண்டும் விடும். ஆகவே கைத்தாளைத் தடித்த அட்டையில் ஒட்டிக் காய வைத்து, அடிநிறத்தை இரண்டு முறை பூசித் தாளின் நுண்துளைகளை அடைத்த பிறகே பசைக்குப் போக வேண்டும்.

செய்து பாருங்கள்

பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றை நான்கு துண்டாக நறுக்குங்கள். கிடைக்காவிட்டால் எந்தத் தடித்த அட்டையும் போதும். நான்கிலும் ஒரே அடிநிறம் பூசிக் காய வையுங்கள். முதல் துண்டில் பசை மெல்லிசாக, இரண்டாவதில் கனமாக; இரண்டிலும் மேல்நிறத்தை ஒரே திசையில் தூரிகையால் பூசுங்கள். மூன்றாவதில் பசை கனமாக, மேல்நிறத்தைப் பஞ்சால் ஒற்றுங்கள். நான்காவதை இரண்டாவதைப் போலவே செய்து, மேல்நிறத்தில் மட்டும் சில சொட்டு கிளிசரின் கலந்துகொள்ளுங்கள். நான்கையும் ஒரே வெயிலில் காய வையுங்கள்.

காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் பத்துப் பாளங்களின் அகலத்தை அளவுகோலால் அளந்து சராசரி எடுங்கள். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் பசையின் தடிமன் செய்யும் வேலை தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும் திசையின் பங்கைச் சொல்லும். நான்காவதில் வெடிப்பு குறைந்தோ இல்லாமலோ போனால், பாவுக் கஞ்சியில் எண்ணெய் செய்யும் வேலையைக் கிளிசரின் இங்கே செய்துவிட்டது என்று பொருள்.

இந்த நான்கு துண்டுகள் தரும் அறிவு அட்டையோடு நின்றுவிடாது. வீட்டுச் சுவரில் பட்டி பூச்சு வெடித்தாலும், நவராத்திரிக்குச் செய்த களிமண் பொம்மை காயும்போது பிளந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: பூச்சு வரம்பு மீறிக் கனமாகிவிட்டதா, இளகிக்கொடுக்க அதில் ஏதேனும் இருக்கிறதா, அளவுக்கு மீறிய வேகத்தில் காய்ந்ததா, அடித்தளம் அதைப் பிடித்துக்கொண்டதா. விடை கிடைத்ததும் எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். வெடிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடும்.